பெரிய வியாழனுக்குக் கழுவிய கால்கள்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் எங்கள் கோயிலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது காலைக் கழுவி முத்தமிடுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது அது. எங்கள் ஆரணியில் அந்தப் பன்னிரண்டு பேரும் முன்னதாகவே கோயில் கிணற்றடியில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் குனிந்து நகம் வரைக்கும் பார்ப்பார். சிலர் பவுடர் பூசி வருவார்கள். சாமியார் கழுவுவதற்கு அழுக்கே மிஞ்சாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், சாயப் பட்டறையில் என்னோடு பட்டு அலசிய பெரியவரும் அதற்குப் பெயர் கொடுத்திருந்தார். நான் அவரை மாமா என்பேன். சர்க்கரை வியாதி. வலது காலில் ஆறாத புண். சாமியார் கை ஒரு தடவை பட்டால் ஆறிவிடும் என்று தவக்காலத்து நாற்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். கிணற்றடியில் புண்ணில் கட்டிய துணியை அவிழ்த்ததும் நாற்றம் அடித்தது.

உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா பெரியவரே, இத்த வெச்சிகினு வந்துகிறே. சாமி இதுல வாய் வெக்கணுமா?"

"அப்ப எடது கால கழுவட்டுங்க. அது நல்லாத்தான் கீது."

"வலது காலுதான் வழக்கம். பேஜார் பண்ணாத. பரிசுத்தமான எடம், அப்பால போய் குந்து." என் பக்கம் திரும்பினார். "நீ வா. ஜல்தியா கழுவிகினு அங்க உக்காரு."

நான் கூச்சக்காரன். நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச வராது. போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் கால்களிலிருந்து வந்த பவுடர் வாசனை அந்தப் புண்ணைவிட அருவருப்பாக இருந்தது. பரிசுத்தம் என்றால் கடவுளுக்கென்று பிரித்து வைப்பது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். ஐந்தாவதோடு நின்றவன் நான், எனக்கு அது விளங்கியதில்லை. அன்று தூணுக்குப் பின்னால் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தவர் மாமாதான்.

சாமியார் என் காலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, துடைத்து, உதட்டை வைத்தார். காலை உதறிவிட்டு எழுந்துபோகலாம் போல இருந்தது.

பூசை முடிந்தபின் மாமா கிணற்றடியில் நின்று, சாமியார் கை பட்டதென்று கால் கழுவிய தண்ணீரை உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பேசினில் அது குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"எடுத்துக்கோ. எப்பிடியும் செடிக்குத்தான் ஊத்தணும்."

பவுடர் போட்ட கால்களின் கழிவை இவர் புண்ணில் ஊற்றிக்கொள்வதா? பேசினை மாமா கையிலிருந்து பிடுங்கிச் செடியில் கொட்டினேன்.

"இன்னாடா பண்ற?" என்றார் மாமா.

கிணற்றில் புதுத் தண்ணீர் சேந்தி, அவரை உட்காரவைத்து, காலைப் பிடித்துக் கழுவினேன். சீழ் விரலில் வழிந்தது. பரிசுத்தமான எண்ணம் எதுவும் எனக்கு வரவில்லை. குமட்டலை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"மூஞ்ச திருப்பிக்கோடா, நாறுது."

"பரவால்ல மாமா."

"நல்லாத்தான் கழுவுற," என்றார். "ஆனா நீ சாமி இல்லியே."

அவர் கொண்டுவந்த துணியையே மறுபடி சுற்றிக் கட்டினேன்.