ஒரே சாறிக்கு மூன்று விலை

கடனை எடுத்துச் செலவழித்த காலத்தில் நான் யாருக்கும் ஒளித்துத் துணி வாங்கியதில்லை. கடனை ஒழுங்காகக் கட்டத் தொடங்கிய பிறகுதான் ஒளிக்க வேண்டி வந்தது.

கோழித் தீவனம் கண்டபடி விலையேறிய வருடத்தில் எங்கள் கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கோழி வளர்க்கவென்று எடுத்த கடன் மட்டும் மிஞ்சியது. விடயம் மத்தியஸ்த சபை வரை போனது. வட்டியில் ஒரு பகுதியைக் கழித்து, மூன்று வருடத்துக்கு மாதாமாதம் பத்தாம் தேதி பதினோராயிரம் கட்டுவதாக முடிவாகி, நானும் கணவரும் கையெழுத்து வைத்தோம். பிணைக்கு இன்னொரு கையெழுத்து தேவைப்பட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து வேலை வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காதான் வந்தார். அவர் எனக்குச் சொந்தமுமில்லை. பாடசாலை அலுவலகமொன்றில் இலிகிதர். நாங்கள் இரண்டு மாதம் தவறினால் அவருடைய சம்பளத்தில் கை வைப்பார்கள்.

"நீ கட்டுவாய் எண்டு எனக்குத் தெரியும் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதுதான் அதன் பிறகு எனக்கு வாழ்க்கையாக இருந்தது. பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாலும் அக்கா வீட்டுப் படலை வருவதற்குள் தின்று முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவேன். அக்கா ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் பிணை நின்றவர் பார்க்கிறார் என்றால் தலையில் வைக்கும் பூக்கூட ஊதாரித்தனமாகத் தெரிகிறது.

இந்த நிலைமையில்தான் கணவரின் அக்கா மகள் பெரிய பிள்ளையானாள். பூப்புச் சடங்கு நடக்கும் சாமத்திய வீட்டில் தாய்மாமன் வீட்டுத் தட்டுத்தான் எல்லோருடைய கண்ணும் படும் தட்டு. அதை மாமியான நான் தலைவாசலால் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பழம், பலகாரம், வளையல் எல்லாவற்றுக்கும் மேலே சாறி இருக்கும். வந்திருக்கும் பெண்கள் அதை விரித்துப் பார்த்து, விரலால் தேய்த்துப் பார்த்து, விலையை முகத்துக்கு நேரே கேட்பார்கள். சாறி மலிவென்றால் பெண்ணின் தாயான என் மச்சாளுக்கு அவமானம். விலை கூடவென்றால், அதே மண்டபத்தில் பிணை நின்ற அக்காவும் இருப்பார்.

களுவாஞ்சிகுடிக் கடைகளுக்குப் போனால் எங்கள் ஊர் தேற்றாத்தீவில் பாதிச் சனம் என்னைக் கண்டுவிடும். அதனால் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். தவணைக் காசில் நான் கை வைக்கவில்லை. மிஞ்சியிருந்த ஏழு நாட்டுக்கோழிகளின் முட்டையை விற்றுச் சேர்த்த காசு அது. ஆனாலும் கடைக்குள் கால் வைத்தபோது திருட வந்தவள் போலத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். முதலாளி ஒன்பதாயிரத்தில் ஒன்றை விரித்தார். நான் அதைத் தொடவேயில்லை, தொட்டால் ஆசை வந்துவிடும். கடைசியில் மூவாயிரத்து இருநூறில் ஒரு குங்குமக் கலர் சாறி. கரை நல்ல எடுப்பாக இருந்தது.

"இதப் பாத்தா ஆறாயிரம் எண்டுதான் சொல்லுவாங்க தங்கச்சி" என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே.

அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

சாறியைப் பைக்குள் வைத்து, அதற்கு மேல் இரண்டு கட்டுக் கீரையைப் போட்டுக்கொண்டு வந்தேன். கீரை வாங்க யாராவது காத்தான்குடிக்குப் போவார்களா? பயத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்தது. அக்கா படலையடியில் நின்றார்.

"எங்ககா போய் வாறாய்?"

அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் கேட்காததற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். "மருமகளுக்கு ஒரு சாறி எடுத்த நான் அக்கா. ஆயிரத்தைந்நூறுதான்."

"பறவாயில்லயே, மலிவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சாமத்திய வீட்டன்று தட்டை இறக்கி வைத்ததும் மச்சாள் எல்லோர் முன்னாலும் கேட்டார், "சாறி என்ன விலை மச்சாள்?" சுற்றியிருந்த பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள். அக்கா இன்னும் வரவில்லை. "ஆறாயிரம்" என்றேன். சொல்லும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. கடன்காரி என்று என்னை அளந்த கண்கள் ஒரு கணம் தடுமாறியதைப் பார்த்தேன்.

அந்தச் சந்தோசம் சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் வரைக்கும்கூட நிற்கவில்லை. மச்சாளுக்குத் தலைகால் புரியாத பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் சாறியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அக்கா வந்து உட்கார்ந்ததும் அவருடைய மடியிலும் வைத்தார்.

"பாருங்க, என்ட தம்பிட பொஞ்சாதி கொண்டந்தது. ஆறாயிரமாம்! கடன் கட்டிக்கொண்டு இவ்வளவு செய்யிறாள்."

அக்கா கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"ஓம், ஆறாயிரம் வரும்" என்றார் அக்கா. "நான்தான் நல்லதா எடு எண்டு சொன்ன நான்."

எல்லோர் முன்னாலும் என் மானத்தைக் காப்பாற்றினார். நான் பந்தியில் இலையைப் பாதியிலேயே மூடிவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது அவரும் என்னோடு நடந்து வந்தார். வாவிப் பக்கத்துக் காற்று சில்லென்று அடித்தது. பாதி வழி வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு கேட்டார்.

"உண்மையா என்ன விலை புள்ள?"

"மூவாயிரத்து இருநூறு அக்கா. அம்மன் மேல சத்தியமா. முட்ட வித்த காசு. தவணைக் காசுல நான் தொடயில்ல."

சொன்னது முழுக்க உண்மை. மூன்றாவது விலையாக அது வந்ததுதான் பிழை. என் காதுக்கே அது நம்பும்படியாகக் கேட்கவில்லை.

"சரி புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதாவது சமாளித்திருப்பேன். அவருடைய படலையைத் திறந்துகொண்டு, திரும்பாமலே சொன்னார்.

"இனிக் காசு கட்டின உடன அந்தப் பற்றுச்சீட்டுத் துண்ட எனக்கு ஒருக்காக் காட்டிப் போட்டுப் போ."

பதினான்கு மாதம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டியிருக்கிறேன். ஒரு மாதமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

பத்தாம் தேதி காசைக் கட்டிவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வா, இரு என்றார், தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தொகையை, தேதியை, முத்திரையை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் துண்டைத் திருப்பித் தந்தார்.