ஒரு ஸ்டாப் முன்னாடியே

எங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் எடுக்குற சரண்யாதேவியப் பத்திச் சொல்லணும்னா, மொதல்ல அவ எக்ஸெல் வண்டியப் பத்திச் சொல்லணும். அவகிட்ட வண்டி கிண்டி ஒண்ணும் கெடையாது, என்னைய மாதிரி டவுன் பஸ்ஸுதான். இது பாடத்துல ஓடுற வண்டி.

இங்கிலீஷ்ல ஒரு ஆளு வெளையாண்டா வினைக்குப் பின்னாடி ஒரு எஸ் வரணும், நாலு பேரு வெளையாண்டா வரக்கூடாது. கேக்க லேசா இருக்கும். ஏழாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஏறவே ஏறாது. ரெண்டு பக்கமும் எஸ் போடுவாங்க, இல்ல ரெண்டு பக்கமும் விட்டுருவாங்க. சரண்யா சொல்லுவா: "எஸ்ங்கிறது வீட்டுல கெடக்குற ஒரே எக்ஸெல் வண்டி. எழுவாய் எடுத்துட்டுப் போயிட்டா வினை நடந்துதான் போகணும். எழுவாய் வீட்டுல விட்டுட்டுப் போனா வினை ஏறிக்கிறலாம். பாய்ஸ் பிளே, பாய் பிளேஸ். ரெண்டு பேருக்கும் வண்டி வேணும்னா என்னாகும்?" பிள்ளைக மொத்தமும் "அப்பா வெளுத்துருவாரு மிஸ்!"னு கத்தும். பக்கத்துக் கிளாஸ்ல நான் திருக்குறள் நடத்துறது எவன் காதுலயும் விழாது.

நான் தமிழ் டீச்சர். பேரு தமிழ்ச்செல்வி, அதுக்கு எங்கப்பாதான் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிறாங்க, பேசட்டும்.

சரண்யாகிட்ட இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வாக்கியம்னாலும் பிள்ளைக மொதல்ல தமிழ்ல சொல்லணும். ஆளு ஒண்ணா, பலவான்னு எண்ணணும். அதுக்கப்புறந்தான் இங்கிலீஷுக்குப் போகணும். "நம்ம வீட்டு வாசலத் தாண்டித்தானக்கா தெருவுக்குப் போகணும்"பா. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இனி கருப்பண்ணே. அவரு எங்க பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். வாட்ச்மேன்னு பேருதான், கேட்டத் தொறக்குறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது, கக்கூஸ் அடைச்சுக்கிட்டா குத்திவிடுறது எல்லாம் அவருதான். அவரு பெத்த ஒரே மகதான் சரண்யா.

இது பள்ளிக்கூடத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும். ரெண்டு பேரும் நான் வர்ற பஸ்ஸுலதான் வருவாங்க. ரைஸ்மில் ஸ்டாப் வந்ததும் கருப்பண்ணே மட்டும் எறங்கிருவாரு. அடுத்த ஸ்டாப்பு பள்ளிக்கூட வாசல், அங்க சரண்யா எறங்குவா. அவரு வெயில்ல வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேருவாரு. ஒரு நாள் மனசு பொறுக்காமக் கேட்டேன், "ஏண்ணே இந்தப் பாடு?"ன்னு. "வாட்ச்மேன் மகளுன்னு தெரிஞ்சா பிள்ளைக மதிக்காதுகம்மா. நீயும் வாயத் தொறந்துறாத"ன்னாரு. என் வாயப் பூட்டுன ஒரே ஆளு அவருதான்.

எங்க தாளாளர் வீரணன் அய்யா வீட்டுத் தோட்டத்துலதான் கருப்பண்ணே அப்பாவும் தாத்தாவும் கூலி வேல பாத்தாங்க. கருப்புக்கு ஒரு மக இருக்குன்னு தாளாளருக்குத் தெரியும். அது படிச்சுச்சா, பேரென்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அதனால இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குச் சரண்யா வந்து நின்னப்ப அவருக்கு எதுவும் தோணல.

சரண்யாவுக்கு அங்க ஒரே ஒரு ஆசை. வேல நிரந்தரமாகணும். ஆயிருச்சுன்னா அன்னைக்கே அப்பாவ வேலைய விட்டு நிப்பாட்டிருவா. "சின்னப் பயலுக எல்லாம் 'கருப்பு, பந்த எடுத்துப் போடு'ங்கிறத இனிமே என்னால கேக்க முடியாதுக்கா. அவரு வீட்டுல கால நீட்டி ஒக்காரணும்." டெம்பரவரியா இருந்தா கோட லீவுக்குச் சம்பளம் கெடையாது, அப்பா நின்னா அடுப்பு எரியாது. அதனால பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

நிரந்தரம் பண்ணணும்னா தாளாளர் வந்து ஒரு கிளாஸ் பாப்பாரு. போன ஆடியில வந்தாரு. கடைசி பெஞ்சுல அவரு, பக்கத்துல நான். மூத்த டீச்சருன்னு என்னையும் ஒக்கார வச்சுட்டாங்க. பாடம் அந்த எஸ்ஸுதான். எக்ஸெல் வண்டிக் கதைக்குத் தாளாளரே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. சரி, நிரந்தரம் ஆயிருச்சு, சாயங்காலம் இவகிட்ட பருத்திப்பால் வாங்கிக் குடிச்சிரணும்னு நான் மனக்கோட்ட கட்டிட்டேன்.

அந்நேரம் பாத்து கரண்டு போச்சு. ஃபேன் நின்னதும் கிளாஸ் அவிஞ்சது. சரண்யா எப்பவும் தோட்டத்துப் பக்கத்து சன்னலத் தொறக்க மாட்டா, ஏன்னு எனக்குத் தெரியும். தாளாளர் வேர்வையத் தொடச்சுக்கிட்டு "சன்னலத் தொறங்கம்மா"ன்னாரு. தொறந்தா. நேரா எதிர்க்க கருப்பண்ணே, ட்யூப்பப் பிடிச்சுக்கிட்டுச் செம்பருத்திக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறாரு.

"கண்ணுல படுறத வச்சு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க"ன்னா சரண்யா. ஒருத்தி காக்கா பறக்குதுன்னா, ஒருத்தன் ஆடுக மேயுதுன்னான். அடுத்து சூரியபிரகாஷ் எந்திரிச்சான். தாளாளரோட மக வயித்துப் பேரன், சூட்டிகையான பிள்ள. நல்லா சத்தமாச் சொன்னான்:

"கருப்பு தண்ணி ஊத்துறான் மிஸ். ஒரு ஆளு. கருப்பு வாட்டர் தி பிளான்ட்ஸ்."

வகுப்பு கலகலன்னு சிரிச்சது. தாளாளரும் சிரிச்சாரு. வெளிய கருப்பண்ணே தலையக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிட்டாரு.

சரண்யா சன்னல் பக்கம் திரும்பிப் பாத்தா. ஆத்தாடி, எஸ்ஸ மட்டும் திருத்திட்டு அடுத்த பிள்ளையக் கேளு, நிரந்தரத்த வாங்கு, அப்புறம் எதுனாலும் பேசிக்கிறலாம்னு நான் உள்ளுக்குள்ள தவிக்கிறேன். அவ சாக்பீஸக் கீழ வச்சா.

"வாட்டர்ஸ். வண்டிய வினைக்குக் குடுக்க மறந்துட்ட சூர்யா. தமிழ்லயும் ஒண்ணு திருத்தணும். ஊத்துறான் இல்ல, ஊத்துறாரு. அவரு ஒங்க தாத்தா வயசு."

அவன் முழிச்சான். "எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் மிஸ் சொல்லுவாங்க"ன்னான். அவன் மேல என்ன தப்பு? வீட்டுல கேட்டதத்தான பிள்ள வெளிய சொல்லும்.

"எங்க வீட்டுல ஊத்துறாருன்னுதான் சொல்லுவோம்"ன்னா சரண்யா. "அவரு எங்கப்பா."

நாப்பது பிள்ளைகளும் சன்னலப் பாக்குது, இவளப் பாக்குது. நான் தாளாளர் பக்கம் திரும்பவே இல்ல. சூர்யாதான் பேசுனான். பயந்துபோயிக் கேட்டான்: "அப்ப இங்கிலீஷ்ல எப்படி மிஸ் மரியாதையாச் சொல்றது?"

"இங்கிலீஷ்ல தனியா ஒண்ணும் இல்லப்பா. ஒங்க தாத்தா ஊத்துனாலும் எங்கப்பா ஊத்துனாலும் ஹி வாட்டர்ஸ்தான்."

தாளாளர் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. என்ன ஆகப் போகுதோன்னு நானும் பின்னாடியே ஓடுனேன். காரு கேட்டுக்கிட்ட நின்னுச்சு. கருப்பண்ணே ஈரக் கையோட ஓடி வந்தாரு.

"அந்த டீச்சரு ஒம் மகளா?"

கருப்பண்ணே சன்னல் வழியா அம்புட்டையும் கேட்டிருக்காரு. துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கும்பிட்டாரு. "ஆமாங்கய்யா. அறியாப் பிள்ள, தெரியாமப் பேசிருச்சு. மன்னிச்சு விட்டுருங்கய்யா."

தாளாளர் கொஞ்ச நேரம் அவரையே பாத்தாரு. "கேட்டத் தொற"ன்னாரு. என்னைக்கும் அது 'தொறடா'. அன்னைக்கு டா மட்டும் இல்ல. வேறெதும் மாறல.

மத்தியானம் ஹெச்.எம். கூப்பிட்டு, நிரந்தரத்த அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்னு அய்யா சொல்லிட்டாருன்னு சொன்னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு ஸ்டாஃப் ரூமே ரெண்டுபட்டது, "பாடத்துல என்ன கொறையக் கண்டாரு?"ன்னு கத்துனேன். சரண்யா என் கையப் பிடிச்சு ஒக்கார வச்சா. அவ அழுதது வேலைக்கில்ல. "எனக்காக அப்பா மன்னிப்புக் கேட்டாராமேக்கா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா.

சாயங்காலம் பஸ்ஸுல கருப்பண்ணே மூஞ்சி உம்முன்னு இருந்துச்சு. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல தாயி. எனக்கென்ன, ஆயுசுக்கும் கேட்ட பேச்சுத்தான"ன்னாரு எறங்கையில.

மறுநாள் காலையில எனக்கு முன்னாடி சீட்டுல சரண்யா, ஓரமா கருப்பண்ணே. ரைஸ்மில் வந்துச்சு. கண்டக்டருக்குப் பழக்கந்தான, "கருப்பு, ஒன் ஸ்டாப்பு, எறங்கு"ன்னு விசில் குடுத்தாரு. கருப்பண்ணே எந்திரிச்சாரு. தூக்குவாளியக் கையில எடுத்துட்டாரு. சரண்யா அவரப் பிடிச்சு இழுக்கல, அவர நிமிந்து பாத்தா, அவ்வளவுதான்.

கருப்பண்ணே படிக்கட்டப் பாத்தாரு, மகளப் பாத்தாரு. திரும்ப வந்து அவ பக்கத்துல ஒக்காந்து, வாளிய மடியில வச்சுக்கிட்டாரு.

"பஸ்ஸு போகட்டும்ப்பா. எம் மக எறங்குற எடத்துல எறங்கிக்கிறேன்"ன்னாரு.