ஐந்தாவது ரவையை எடுத்துப் பார்த்தவர்

தவராசா அண்ணை சுட்டிருக்கிறார். அவருடைய ரிவால்வரில் இரண்டு ரவைகள் வெடித்திருந்தன. அதன்பின், ரவைகள் செருகியிருக்கும் உருளை சுழலாமல் இறுகி நின்றிருக்கிறது. மரண விசாரணை அதிகாரியின் அலுவலகம் பத்திரிகைக்காரனான எனக்கு நேற்றுத் தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தியது. இறுகிய காரணத்தை அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் அவர் காவலர். இந்த நகரத்தில் எங்கள் சனம் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வங்கி வாசலில் கொள்ளையர் அவரைச் சுட்டுக் கொன்ற அன்று மாலையே நிறுவனம் அறிக்கை விட்டது: ஊழியர் பதற்றத்தில் ஆயுதத்தைச் சரியாகக் கையாளவில்லையாம். துவக்கைத் திறந்து பார்க்கும் முன்பே அவருடைய கையைக் குற்றம் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கதை, அவருடைய உடலை அஞ்சலிக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்கும் வந்தது.

"கை நடுங்கிப்போச்சாம், பாவம்" என்றார் ஒருவர்.

"ஊரிலை வெடிச்சத்தத்துக்கு ஓடின ஆள்தானே" என்று மற்றவர் சிரித்தார்.

அது அண்ணையின் சொந்தப் பகிடி. "ஊரிலை துவக்கைக் கண்டு ஓடினனான். இஞ்சை சம்பளத்துக்கு இடுப்பிலை கட்டியிருக்கிறன்" என்பார். அதையே எடுத்து அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவரைக் கோழையாக்கினார்கள். அவருடைய மனைவி பத்மினி அக்காவின் காதில் விழுந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அவர் பயந்துதான் நிண்டவரோ? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்கோ."

எனக்கு நிறுவனத்தின் சுடுபயிற்சிக்கூடம் ஞாபகம் வந்தது. நிறுவனம் பழைய கனமான ரிவால்வர்களை எடுத்துவிட்டு, இலேசான குட்டைக் குழல் ரிவால்வர்களைக் கொடுத்திருந்த காலம். ரவை மட்டும் பழையது: கனத்த குண்டு, அதிக வெடிமருந்து. குட்டைக் குழலுக்குள் அவ்வளவு மருந்தும் எரிந்து முடியாது. வேகத்தைவிடச் சுவாலையும், துவக்கு கையில் பின்னால் உதைக்கிற உதைப்பும்தான் கூடும். பயிற்சிக்கு மெலிந்த ரவைகளையே கொடுத்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. வேலைக்குக் கொண்டுபோகும் ரவையைத்தான் சுடுவேன் என்று அண்ணை அடம்பிடித்தார். கட்டுரை ஒன்றுக்காகப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றேன்.

உருளையில் இருந்த ஐந்து ரவைகளில் நான்கைச் சுட்டார். ஐந்தாவதைச் சுடாமல் வெளியே எடுத்து, புதியது ஒன்றின் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்தார். உதைப்பில், குண்டு தன்னைப் பிடித்திருக்கும் பித்தளைக் கோதிலிருந்து முன்னே நழுவியிருந்தது.

"பாத்தியே, இது வளர்ந்திட்டுது."

"ரவை வளருமோ அண்ணை?"

"இந்தத் துவக்குக்குள்ளை வளருது. இன்னும் கொஞ்சம் தலையை நீட்டிச்சுதெண்டால் முன்னாலை முட்டி, உருளை சுத்தாது. மாப்பிள்ளையை மாத்திப்போட்டு, பழைய மாப்பிள்ளைக்குத் தைச்ச கோட்டைப் போடச் சொல்லுறாங்கள்."

உதைப்புக் குறைந்த, குண்டைக் கோது இறுக்கிப் பிடித்திருக்கிற, குட்டைக் குழலுக்கென்றே செய்த ரவை வேண்டுமென்று மேலாளரிடம் கேட்டார். உதைப்புத் தாங்காவிட்டால் வண்டி ஓட்டப் போகலாம் என்று பதில் வந்தது. அதை அண்ணை என்னிடம் சொன்னபோது முகம் சிவந்திருந்தது. "எனக்கெண்டே கேட்டனான்? என்னோடை வண்டியிலை வாற ரெஜினால்டும் இதைத்தானே கட்டிக்கொண்டு திரியிறான்." நான் அதைப் பத்திரிகையில் எழுதினேன். நிறுவனம் பதில் தரவில்லை. அதே நிறுவனத்துக்கு அவர் இறந்த அன்று மட்டும் அறிக்கை எழுத நேரம் கிடைத்தது.

நேற்றே பத்மினி அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"அப்ப, அவர் சுட்டவர்."

"ஓம் அக்கா."

"அங்கை நிண்டு சிரிச்ச சனத்துக்கும் சொல்லுங்கோ."

இதோ, சொல்லிவிட்டேன்.

வெடித்ததைப் பார்த்துத் திருப்திப்படாமல், வெடிக்காமல் மிஞ்சியதை எடுத்துப் பார்க்கிற அவருடைய பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

உருளை இறுகியது எதனால் என்ற ஆய்வுகூட அறிக்கை வசந்தகால முடிவில் எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை ரவையை மாற்றுவது பற்றி முடிவெடுக்க முடியாது என்கிறது நிறுவனம். நாளை காலை ரெஜினால்ட் வேலைக்குப் போகிறார். இடுப்பில் அதே ரவைதான்.