பத்து விநாடி இசை

நித்யா மேரி 1988 ஜனவரியில் கடலூர் முதுநகரில் பிறந்தாள். தந்தை மரியலூர்து துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். தாய் இறந்துவிட்டாள். ஒரே அண்ணன் அருள் பிரகாஷ், அவளைவிட இரண்டு வயது மூத்தவன், முதுநகரிலேயே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். நித்யா திருமணம் செய்துகொள்ளவில்லை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். 2023 ஜனவரி 21 அன்று அண்ணனும் தங்கையும் சென்னையில் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவின் இறுதிப் போட்டியில் ஆடினார்கள். உடன்பிறந்தவர்கள் ஜோடியாக மோதும் போட்டி அது. பிப்ரவரி 5 அன்று அருள் பிரகாஷ் மாரடைப்பால் இறந்தான். போட்டி மார்ச் 5, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒளிபரப்பாக இருந்தது. மறுநாள் அவனுக்கு முப்பதாம் நாள் பூசை.

முடிவை வெளியில் சொல்லக் கூடாதென்று இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அருள் பிரகாஷ் சென்னையிலிருந்து சிரித்த முகத்தோடு வந்து இறங்கினான். யார் கேட்டாலும் "டிவியில பாருங்க" என்பதோடு சரி. அந்தச் சிரிப்பை மரியலூர்து வெற்றியென்றே எடுத்துக்கொண்டார். மகன் போன பிறகு அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். பூசைக்கு வருவோருக்குக் கொடுக்க, யாரையும் கேட்காமல், முந்நூறு நினைவு அட்டைகள் அடிக்கச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை பெட்டி வந்தது. மகனின் படத்துக்குக் கீழே, பெயருக்கு அடுத்த வரியில், 'தொலைக்காட்சி வினாடி வினா வெற்றியாளர்' என்றிருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று மகளிடம் நீட்டினார்.

"முடிவு வரட்டுமேப்பா. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் மூஞ்சியே சொல்லிச்சு."

கையெழுத்து ஒரு சாக்கு என்பது நித்யாவுக்குத் தெரியும். தோற்றோம் என்றால், எப்படித் தோற்றீர்கள் என்ற கேள்வி வரும். அதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணி ரேகாவும் அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள்.

ஞாயிறன்று கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அருள் பிரகாஷ் வந்தான். அடக்கத்தின்போது அவனுக்குப் போட்டுவிட்ட அதே நீலச் சட்டை.

"மச்சானுக்குப் பவுடரு ஜாஸ்தியா அடிச்சி வுட்டிருக்கானுவ" என்றான் அவன் நண்பன் செந்தமிழ்செல்வன். யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"தங்கச்சி உங்களுக்கு உதவியா, தொல்லையா?" என்று நடத்துபவர் கேட்டார்.

"வீட்டுல தொல்லைதான் சார். இங்க வந்தா அவுங்கதான் எனக்கு டிக்சனரி" என்றான் இறந்தவன்.

பித்தளை எந்த இரண்டு உலோகங்களின் கலவை என்ற கேள்வியைக் கேட்டு முடிக்குமுன்னே மணியை அடித்தான்; செம்பு அவன் கையிலேயே புழங்கிய பொருள். வெள்ளாறு எங்கே கடலில் கலக்கிறது என்பதற்கு நித்யா பரங்கிப்பேட்டை என்றாள். ஒவ்வொரு விடைக்கும் கூடத்தில் இருந்தவர்கள் அவனுக்குக் கேட்கும் என்பதுபோல் கைதட்டினார்கள். ஐந்து புள்ளி பின்தங்கிய நிலையில் கடைசிக் கேள்வி வந்தது: 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் யாரிடமிருந்து விலைக்கு வாங்கினர்?

"நம்ம ஊருதான்டா கேட்டிருக்கான்" என்று மரியலூர்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜோடி கலந்து பேசப் பத்து விநாடி. நிலையத்தார் அந்தப் பேச்சை நீக்கிவிட்டு இசையை ஓடவிட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு இசை கேட்டது. நித்யாவுக்குப் பேச்சு கேட்டது.

"மராட்டியருங்க பாப்பா. செஞ்சி அப்ப அவுங்க கையிலதான்."

"இல்லண்ணே, நவாப். முந்நூறு பக்கம் டைப் அடிச்சிருக்கேன்."

அவள் அடித்தது வேறொரு காலத்தைப் பற்றிய ஆய்வேடு. பக்கத்துக்குப் பக்கம் நவாப் என்று வந்ததால், பொருளை விட்டுச் சொல் மட்டும் விரலில் தங்கிவிட்டது. அண்ணன் அவளை ஒரு கணம் பார்த்தான். ஜோடியில் மூத்தவர்தான் விடை சொல்ல வேண்டும் என்பது விதி.

"நவாப்" என்றான் திரையில், தெளிவாக.

சேலத்து அக்காவும் தம்பியும் கேடயத்தைத் தூக்கினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். மரியலூர்து அட்டைப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"ஞாயித்துக்கிழமையானா தேவனாம்பட்டினத்துலியே கெடந்த பய. அதுகூடவா தெரியாமப் போச்சு? அப்புறம் இன்னாத்துக்குச் சிரிச்சிக்கிட்டு வந்தான்?"

மகன் மீது அவர் கோபப்பட்டது, அவன் இறந்த பின் அதுவே முதல் முறை.

"அண்ணன் சொன்னது மராட்டியர்ப்பா" என்றாள் நித்யா. "நவாப்னு சொல்ல வச்சது நான்."

ரேகாதான் பேசினாள்.

"எனக்குத் தெரியும் நித்யா. வந்த அன்னைக்கே சொன்னாரு. பாப்பா தாங்காது, என் தப்பாவே இருக்கட்டும், நீ வாய் தெறக்காதன்னாரு. அதான் கார்டப் பாத்தும் சும்மா இருந்தேன்."

அண்ணன் சிரித்தபடி வந்தது தங்கையின் தவறை மறைப்பதற்காக என்பது நித்யாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நன்றி சொல்லவோ சண்டை போடவோ ஆள் இல்லை.

"திரும்பப் போட முடியுமா?" என்று மரியலூர்து கேட்டார். நிலையத்தார் இணையத்தில் ஏற்றியிருந்ததைச் செந்தமிழ்செல்வன் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தான். கிழவர் அந்தப் பத்து விநாடியை ஐந்தாறு முறை ஓட்டினார். மகனின் உதடுகள் மூடித் திறக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"மா... மராட்டியர்னுதான் ஆரம்பிக்கிறான்" என்றார்.

மகளைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. பெட்டியை இழுத்து, ஸ்கேலும் பேனாவும் எடுத்து, 'வெற்றியாளர்' வரியைக் கோடு போட்டு அடிக்கத் தொடங்கினார். நித்யா பாதி அட்டைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். முந்நூறையும் அடித்தார்கள். காலையில் பூசை முடிந்து அவற்றையே கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து திரும்பியதும் கைப்பேசியில் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் பார்ப்பார். நித்யா அதே கடையில்தான் இருக்கிறாள். இப்போது தட்டச்சு செய்வதைப் படித்துப் பார்த்தே அடிக்கிறாள். அதனால் வேலை மெதுவாகிறது. சில பகல்களில், போட்டியில் அவன் உட்கார்ந்திருந்த வலப்பக்கத்திலிருந்து, "பாப்பா" என்று தணிந்த குரல் வரும். நாற்காலியைச் சுவரோரமாக மாற்றிப் பார்த்தாள். சுவரிலிருந்து வந்தது. அவள் விரல்களை எடுத்துவிட்டு, மீதியையும் சொல்லட்டும் என்று காத்திருப்பாள்.

அருள் பிரகாஷின் வயது முப்பத்தேழு. நித்யா மேரிக்கு இப்போது முப்பத்தெட்டு.