மூன்றாம் நம்பர் மெஷின்

உட்காரும் முன் லூர்துசெல்வி அக்கா திரையைத் துடைக்கிறார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக. பத்து வருடம் கரும்பலகை துடைத்த கை. திரையில் சாக்பீஸ் தூள் கிடையாது என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கிறது பிரேம்குமாரின் பிரவுசிங் சென்டர். ஐந்து கணினிகள். அக்காவுக்கு மூன்றாம் நம்பர்தான் வேண்டும். மற்ற நான்கும் காலியாக இருந்தாலும் காத்திருப்பார்.

“என் மெயிலு இதுலதான் இருக்குது. கண்ட மெஷின்ல போயி இன்னாத்தத் தேடறது?”

“அக்காவுக்கு அது ராசி” என்று பிரேம்குமார் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவான். நானும் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பயோடேட்டாவை மெயிலில் இணைப்பதையே அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துத்தான் கற்றேன். அவர் சொல்வது தப்பென்று அடித்துச் சொல்லும் தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்?

அக்காவுக்கு ஒலக்கூர் பக்கம் ஊர். வேதியியலும் பி.எட்.டும் படித்தவர். வேலை பார்த்த மெட்ரிக் பள்ளியைப் போன வருடம் மூடிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால், பாண்டிச்சேரி பக்கம் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் அடைக்கலராஜ் பேசி முடித்துவிட்டார். “அங்கியும் கெமிஸ்ட்ரிதான்னு சொல்றாரு மனுஷன்” என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, திரையை இன்னொரு முறை துடைப்பார்.

விளம்பரங்களை மனதுக்குள் படிக்க அவருக்கு வராது. பின்வரிசைக்கும் கேட்கிற குரலில்தான் படிப்பார். “வந்தவாசில மேக்ஸ் கேக்கறாங்க, யாரு மேக்ஸு? ஜல்தி எழுதிக்குங்க. செஞ்சில கெமிஸ்ட்ரி. தமிழு, உனக்கும்தான்!”

தமிழு என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். நானும் வேதியியல்தான். நானாக இருந்தால் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் மூடியிருப்பேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏன்க்கா உங்களுக்குப் போட்டியா நீங்களே ஆள் கூப்புடறீங்க?”

“கிளாஸ்ல ஒருத்தி காதுல மட்டுமா பாடம் சொல்லுவாங்க? போடி.”

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தபோது மூன்றாம் நம்பர் இருந்த இடத்தில் வெறும் மேசை இருந்தது. வைரஸ் புகுந்து, பாண்டிச்சேரிக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. அக்கா மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள்தான் விழுப்புரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து போன் வந்திருந்தது: விவரமெல்லாம் மெயிலில் அனுப்பியிருக்கிறோம், பார்த்துவிட்டு வாருங்கள்.

“ரிப்பேரு கடை பேரச் சொல்லு பிரேமு. பஸ்ஸு புடிச்சிக்கினு போயி அங்கியே பாத்துட்டு வந்துடறேன்.”

“இன்னாக்கா பேஜாரு? மெயிலு எந்த மெஷின்லயும் தொறக்கும். பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“அது தானா தொறக்குமே. அதுக்கு எதுக்குடா பாஸ்வேர்டு?”

பிரேம்குமார் நெற்றியில் அடித்துக்கொண்டான். இரண்டு வருடம் முன்பு அக்கா முதன்முதலில் மெயில் திறந்த அன்று, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அந்தக் கணினியைச் செய்துவைத்தவன் அவன்தான். அது நினைவில் வைத்துக்கொண்டது. அக்கா மறந்துவிட்டார்.

ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து பிரேம்குமார் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான்: பிள்ளை பேர், சர்ச் பேர், பிறந்த தேதி. ஒன்றிலும் திறக்கவில்லை. அக்காவின் கழுத்தெல்லாம் வியர்வை. பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பினார். கண்ணை மூடி, சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி விரலைக் குவித்து, காற்றில் ஏதோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

“பொட்டாசியம் டைகுரோமேட்டு!” என்றார்.

பிரேம்குமார் விழித்தான். “நகரு நீ” என்று ஐந்தாம் நம்பரில் அவரே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் அதன் வாய்பாட்டைத் தட்டினார். K2Cr2O7. மெயில் திறந்தது.

விழுப்புரம் பள்ளியின் மெயில் மேலேயே இருந்தது. நான் பின்னால் நின்றிருந்தேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான குரலில், ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே படித்தார். திங்கட்கிழமை காலை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வேதியியல். ஒரே ஒரு இடம்.

அடுத்த வரியில் குரல் ஒரு நொடி நின்றது. எனக்கும் அந்த வரி தெரிந்தது. அக்கா அதையும் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரியே படித்தார்: இதுவரை விண்ணப்பிக்காதவர்களும் சான்றிதழ்களோடு நேரில் வரலாம்.

பிறகு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஓரமாக ஒடுங்கிக்கொண்டு, மிச்சமிருந்த பாதியை உள்ளங்கையால் தட்டினார்.

“வா தமிழு. உக்காந்து அட்ரஸ எழுதிக்க.”