பதின்மூன்றாவது சிங்கிள்

சேக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டு முன்னறை முழுக்கப் பழைய ராக் இசைத்தட்டுகள். எழுபது வயதிருக்கும், நரைத்த முடியைத் தோள்வரை வளர்த்திருந்தார். எந்தத் தட்டை எடுத்தாலும் அது தன்னிடம் வந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

குமணன்சாவடிப் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு சிங்கிளை, பக்கத்துக்கு ஒரே பாட்டுள்ள சின்ன இசைத்தட்டை, அவருக்குக் கொண்டுபோனேன். அந்தக் காலத்து மெட்ராஸ் இளைஞர்கள் போட்ட ராக் பாட்டு. வாங்கி அலமாரியில் சொருகினார். அங்கே அதே தட்டு ஏற்கெனவே பன்னிரண்டு இருந்தன.

"அவ்வளவு பிடிச்ச பாட்டா சார்?"

"மெட்டு என்னோடது நைனா. தட்டுல பேரு மட்டும் என் தோஸ்தோடது. எனக்குத் தெரியாமலே போட்டுக்கினான். அன்னியிலேர்ந்து இது எங்க கெடச்சாலும் வாங்கி உள்ள வெச்சுடுவேன். செல்போன்லகூட இந்தப் பாட்டு கெடையாது."

"அவரே வந்து கேட்டா?"

"வந்தானே, போன மாசம். அவன்கிட்ட இருந்தது வெள்ளத்துல பூட்ச்சாம். பேரப்புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டணும், ஒண்ணு குடுறான்னு அழுதான். பன்னெண்டையும் எடுத்துக் காட்டினேன். ஒண்ணுகூட குடுக்கல."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. எனக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.

"எனக்காவது ஒரு தடவை போடுங்களேன். உங்க மெட்டுதானே?"

"எனக்கும் ஆசதான். இத்தினி வருசத்துல ஒரு தபாகூட நான் போட்டதில்ல," என்றார். "போட்டா, அவன் பேருல்ல சுத்தும்?"

அந்த மெட்டு எப்படியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.