தொண்ணூற்றிரண்டு கிலோ

தாம்பரத்தில் காலை 7.10க்குப் படப்பை பஸ்ஸைப் பிடித்தேன். பதினான்கு கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய், உட்கார இடமில்லை. 2004, ஆடி மாதம். இறந்துபோன அப்பாவுக்குச் சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வந்த உறவினர்கள் அத்தனை பேரும் "பட்டறையை வித்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிரியாணியை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

படப்பையில் இருக்கும் எங்கள் பட்டறையில், மோட்டார் பாகங்களை அடுக்கி அனுப்பும் மரப்பெட்டிகள் செய்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் சாலையிலுள்ள ஒரு தொழிற்சாலைதான் எங்களுக்குச் சோறு போடுவது. அப்பா போன பிறகு அங்கிருந்து ஒரே ஒரு தகவல் வந்தது: ஒரு லோடு அனுப்புங்கள், சரியாக இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த லோடோடு நானே போவதென்று முடிவு செய்திருந்தேன்.

8.30க்கு வாடகை டெம்போ கிளம்பியது. ஓட்டியவர் மாணிக்கம், அப்பாவின் இருபது வருட சிநேகிதர். ஆள் அகர்பத்தி மாதிரி. வழியெங்கும் மனை விற்பனைக்கு நட்ட கலர் கொடிகள் பறந்தன. சேரப்பணஞ்சேரி தாண்டியதும் எதிரே ஷிப்ட் முடிந்த பஸ்கள் வரிசையாக வந்தன. ஜன்னலுக்கு ஜன்னல் தூங்கும் தலைகள்.

"இன்னாம்மா, பயமா கீதா?" என்றார் மாணிக்கம்.

"இருக்கு அண்ணே. வண்டியைத் திருப்பிடாதீங்க."

படப்பையிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் ஒரகடம் கூட்டுரோடு. டீ இரண்டு ரூபாய். அங்கே வலப்பக்கம் திரும்பி இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

10 மணிக்கு ஸ்டோர்ஸ் வாசலில் இசக்கி நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், பெட்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு லோடிலும் இசக்கி கைகாட்டும் ஒரு பெட்டியின் மூடிமேல் அப்பா ஏறி நிற்பார். பெட்டிமேல் பெட்டி அடுக்குவார்கள் என்பதால் மூடி தாங்க வேண்டும். சத்தம் வந்தால் அந்தப் பெட்டியை அப்பாவே ஆகாதென்று ஒதுக்கிவிடுவார். பிறகு இசக்கி அவரை எடை மேடையில் நிறுத்தி, "இன்னைக்கும் தொண்ணூத்திரண்டு, குறையவே இல்லையே சார்" என்று கிண்டல் செய்வாராம்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். மூடி மூச்சு விடவில்லை.

இசக்கி தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. சார் நின்னா அது சோதனை. நீங்க நிக்கது அதுக்குத் தெரியவே செய்யாது."

என் எடை நாற்பத்தாறு. எடையைக் குறைங்கப்பா என்று தினமும் அவரோடு சண்டை போட்டவள் நான். அன்று அந்த எடை முழுவதும் எனக்கு வேண்டியிருந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்களும் ஏறுங்க."

மாணிக்கம் பக்கத்தில் வந்து நின்றார். மூடி கிறீச்சிட்டது.

இசக்கி காகிதத்தைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார். கேட்காத மாதிரி விட்டுவிடும் நல்ல மனசு அவருக்கு இருந்தது. எனக்குத்தான் விட மனமில்லை. "இது ஆகாது" என்று சொல்லிக் கீழே குதித்தேன். டெம்போவிலிருந்த சுத்தியலை எடுத்து மூடியைப் பிரித்தேன். குறுக்குச் சட்டத்தில் ஒரு ஆணி பக்கவாட்டில் போயிருந்தது. புது ஆணி அடித்தேன். அதோடு விடாமல், லோடிலிருந்த நாற்பது பெட்டிகள்மேலும் நாங்கள் இரண்டு பேரும் ஏறி இறங்கினோம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

இசக்கி கையெழுத்துப் போட்டார். அப்புறம் எங்கள் இருவரையும் சேர்த்து எடை மேடையில் ஏறச் சொன்னார். முள் தொண்ணூற்றிரண்டைத் தாண்டி ஒரு கோடு போய் நின்றது. இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை. "அடுத்த லோடு வெள்ளிக்கிழமை அனுப்பிருங்கக்கா" என்றார்.

திரும்பும் வழியில் காலி டெம்போ தடதடத்தது. காலையில் வந்த அதே சாலைதான். பயம் மட்டும் கூட வரவில்லை. ஒரகடத்தில் மறுபடி டீ குடித்தோம்.

"வெள்ளிக்கிழமை வேற வாடகை எதுவும் ஒத்துக்காதீங்க அண்ணே" என்றேன்.

"எப்டிம்மா ஒத்துப்பேன்?" என்றார் மாணிக்கம், கிளாஸைக் கீழே வைத்தபடி. "நான் வரலன்னா அங்க உங்கப்பன் பாதிதான நிப்பான்."